குறிப்பிட்ட வழியில் பரவும் நோய்

எங்கள் நாட்டில் ஒரு சாக்கடைக்கு மூடி போட்டாலும் மேடை போடுவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, துவக்கவுரை, அப்புறம் வாழ்த்துரை என்று ஒரு டஜன் பேர், கடைசியில் நன்றியுரை. மூடி போட்டவனை மட்டும் பேசவிட மாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த மேடைகளால்தான் எனக்குக் கஞ்சி. குன்னுங்கரைச் சந்தையில் ‘ஜோப்பன் சவுண்ட்ஸ்’ என்று பலகை தொங்குகிறதே, அந்த ஜோப்பன் நான்தான். மைக், பெட்டி, ஜெனரேட்டர், ஜீப் எல்லாம் என்னுடையது. குரல் மட்டும் சுதர்மனுடையது.

சுதர்மன் குரலுக்கு ஆலப்புழைப் பக்கத்தில் ஈடு கிடையாது. வள்ளங்களிப் படகுப் போட்டிக்கும் அவன்தான், தேர்தலுக்கும் அவன்தான், மரண அறிவிப்புக்கும் அவன்தான். அவன் வாயால் சொன்னால் செத்தவனுக்கே ஒரு கௌரவம் வந்துவிடும். சாது. கள்ளு கிடையாது, சீட்டு கிடையாது. கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவன் மனைவி ப்ரசீதா அப்போதுதான் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாசம்.

அந்தச் சமயத்தில்தான் ஜில்லா ஆரோக்கிய போதன சமிதிக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வாய்வழி உறவால் பரவும் நோய்களைப் பற்றி ஒரு வாரம் பிரச்சாரம் செய்ய வேண்டும். உத்தரவோடு சில பெட்டிகள் நிறைய ஆணுறையும் வந்தது.

சமிதித் தலைவர் வாசுதேவக் குறுப்பு ஸார் நோய்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். கண்ணியமானவை, கண்ணியம் கெட்டவை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கண்ணியமானவை. அவற்றுக்காக அவர் வெள்ளைத் தொப்பி போட்டு ஊர்வலமே நடத்தியிருக்கிறார். இந்த உத்தரவைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போடாமலே வைத்துவிட்டாராம். உடனே ஒரு சொல் கமிட்டி அமைத்தார்.

ஏழு பேர் உட்காரும் அறைக்கும் எங்களவர்களுக்கு மைக் வேண்டும். ஆகவே நானும் ஒரு மூலையில் இருந்தேன்.

“உத்தரவுல ஒரு வார்த்தை இருக்கு,” என்றார் குறுப்பு ஸார். “அதை நான் வாசிக்கப் போறதில்ல. நீங்களும் வாசிக்க வேண்டாம். வாசிக்காமலே விவாதிப்போம்.”

விவாதித்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் ‘வதன வியவகாரம்’ என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கோர்ட்டில் நடக்கிற வழக்கு மாதிரி இருக்கிறது என்று தள்ளினார்கள். ‘மேல்பாகத் தாம்பத்தியம்’ என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பரிப்புவடையும் பால் விடாத கட்டன் சாயாவும் வந்தன. கடைசியில் ஏகமனதாக ஒரு முடிவு: அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவது.

மறுவாரமே ஊரெல்லாம் பெரிய பெரிய பேனர். ‘............ மூலம் பரவும் நோய்களைத் தடுப்போம்!’

எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு காலியிடத்தைக் காட்டினால் சும்மா இருப்பானா? விடிவதற்குள் கரியெடுத்து நிரப்பிவிட்டான். சந்தையில் ‘கமிட்டி’ என்று எழுதியிருந்தது. பள்ளிவாசல் முக்கில் ‘மாமியார்’. சமிதி அலுவலகத்து வாசலிலேயே எவனோ ‘குறுப்பு’ என்று எழுதி, கீழே ஒரு மீசையும் வரைந்து வைத்திருந்தான். பேனர்களை இறக்கினார்கள். இனி குரல் பிரச்சாரம் மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். சுதர்மனும் நானும் ஜீப்பில் ஏறினோம்.

சமிதி அங்கீகரித்த வாசகம் இதுதான்: “அன்பார்ந்த நாட்டுக்காரர்களே! ஒரு குறிப்பிட்ட நோய், ஒரு குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட சிலருக்குப் பரவுகிறது. அந்த வழியைத் தவிர்ப்பீர்! தவிர்க்க முடியாதவர்கள் குறிப்பிட்ட பாதுகாப்புடன் செல்வீர்!”

படகுத்துறையில் ஒரு தாராக்காரர் ஜீப்பை மறித்தார். பின்னால் அவருடைய வாத்துக்கூட்டம் முழுக்கக் கத்திக்கொண்டு நிற்கிறது.

“எடா சுதர்மா, தாராவுக்கு வர்ற சீக்கா, மனுஷனுக்கு வர்ற சீக்கா?”

“மனுஷனுக்குத்தான் சேட்டா.”

“எந்த வழியில வருது?”

சுதர்மன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். “குறிப்பிட்ட வழியில.”

“அதான் கேக்கறேன், எந்த வழி? தெக்கே தோடு வழியா, வடக்கே பாலம் வழியா?”

“எனக்கே தெரியாது சேட்டா. எழுதினதை வாசிக்கிறேன்.”

தாராக்காரர் தெற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று வாத்துகளை மேற்கே திருப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் தெற்குத் தோட்டில், அதாவது வாய்க்காலில், நோய் பரவுகிறது என்று ஊரே பேச ஆரம்பித்து, அந்தப் பக்கத்துப் படகு காலியாக ஓடியது. மீன் விற்கிறவர்கள் சமிதி வாசலில் வந்து மறியல் செய்தார்கள். குறுப்பு ஸார் வெளியே வந்து, “பிரச்சாரம் மக்களை எட்டியிருக்கிறது,” என்றார்.

இதற்கு நடுவே சுதர்மனுக்குத் தொண்டை கட்டியது. ‘நாட்டுக்காரர்களே’ என்று இழுக்கும்போது நடுவில் அறுந்துபோகும். விழுங்கினால் வலி. சமிதி வளாகத்திலேயே ஒரு மருத்துவ அறை உண்டு. டாக்டர் ஈப்பன் குருவிளா. நல்ல டாக்டர், பெரிய படிப்பு. நானே கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, சமிதி சுவரில் ஒட்டியிருந்த வாக்கியத்தைப் பார்த்துக் கேட்டார். “வெளியில் தாம்பத்திய பந்தம் உண்டா?”

“இல்ல ஸார்.”

“சத்தியமா?”

“என் கொழந்தை மேல சத்தியமா இல்ல ஸார்.”

டாக்டர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வேறெதையும் கேட்கவில்லை. உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி, கையில் ஒரு பல்துலக்கும் பிரஷ்ஷும் கொடுத்தார். அதற்குள் சமிதி கண்ணியமான ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தது. நோய் வாயால் வருகிறதா, அப்படியானால் வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது. வாரத்தின் பெயரைப் ‘புன்னகை வாரம்’ என்று மாற்றி, பஞ்சாயத்து பூராவுக்கும் பிரஷ் வாங்கிவிட்டார்கள். ஆணுறைப் பெட்டிகளை ‘இதர பொருட்கள்’ என்று எழுதி அறையில் பூட்டினார்கள்.

உப்புத்தண்ணீருக்கு அடங்கவில்லை தொண்டை. பொய் சொல்வானேன், எனக்கு என் பிழைப்புக் கவலை, உற்சவ சீசன் வருகிறது. ஒருநாள் டாக்டர் எதிர்ச்சாரி டீக்கடையில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டு நின்றபோது சுதர்மனை இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினேன்.

“என்ன ஸார் இது? உப்பு தின்னே இவன் பாதியாயிட்டான். நீங்க படிச்ச டாக்டர்தானா?”

டாக்டர் ரோட்டைத் தாண்டி சமிதி கேட்டைப் பார்த்தார். “ஜோப்பா, அந்தக் கேட்டுக்கு உள்ள நான் சமிதி டாக்டர். அங்கீகரிச்ச கேள்வியைத்தான் கேக்கணும். ஒரு வார்த்தை கூட்டிக் கேட்டாலும் விளக்கம் கேப்பாங்க. எனக்கு ஓய்வு பக்கத்துல வந்துடுச்சு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான் வெறும் டாக்டர்.” பிறகு சுதர்மன் பக்கம் குனிந்தார். “இப்ப கேக்கறேன், சொல்லு. பொண்டாட்டியத் தவிர வேற யார்கூடயாவது வாயால ஏதாவது உண்டா?”

சுதர்மன் முகம் வெளுத்தது. அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததில்லை.

“ஸார்... அது தாம்பத்தியமா ஸார்?”

“அடப்பாவி,” என்றேன் நான்.

“கொல்லத்துல உற்சவத்துக்குப் போனப்ப, சேட்டா. பழைய பழக்கம் ஒருத்தி. நான் எல்லை தாண்டல. வாயோட நின்னுடுச்சு. அது கணக்குல வராதுன்னு நெனச்சேன். சீக்கும் வராது, பாவமும் வராதுன்னு.” அவன் குரல் கரகரத்தது. “ஸார் உள்ள கேட்டப்ப நான் பொய் சொல்லல ஸார். சத்தியமா பொய்யின்னு நெனச்சு சொல்லல.”

“ஊர்ல பாதிப்பேர் இப்படித்தான் நெனைக்கிறான்,” என்றார் டாக்டர். “வாயும் உடம்புதான்டா. வெட்டைநோய் தொண்டையில வந்து உக்காரும். கிரந்தியும் அக்கியும் கூட இதே வழிதான். பலபேருக்குத் தொண்டை கரகரன்னுகூட இருக்காது. சும்மா இருக்கிற மாதிரி இருந்துகிட்டே அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவான்.”

மறுநாள் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து சோதனைக்கு அனுப்பினார். வெட்டைதான். ஊசி போட்டார். ரோட்டைத் தாண்டி வந்து, மறுபடி பழம்பொரியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“இதுக்கு நடுவுல பொண்டாட்டிகிட்ட...?”

சுதர்மன் தரையைப் பார்த்தே பேசினான். “ஏழாம் மாசம் ஸார். கொழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து மத்ததெல்லாம் விட்டுட்டோம். இது மட்டும்... இதுதான் ஆபத்தில்லாததுன்னு நான்தான் ஸார் சொன்னேன். அவளுக்கு இஷ்டமேயில்ல. நான்தான் சொன்னேன்.”

டாக்டர் பழம்பொரியை இலையில் வைத்துவிட்டார்.

“தொண்டையிலேருந்து அங்க போகும். அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிரசவத்துல கொழந்தையோட கண்ணுக்கு வரும். கண்ணே போயிடலாம். ஆனா இப்பவே சோதிச்சா ஊசியில தீர்ந்துடும். பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல, தள்ளிப்போடறதுதான் பயம். வீட்ல சொல்லி இந்த வாரமே கூட்டிட்டு வா.”

“என்னன்னு சொல்லி ஸார் கூட்டிட்டு வர்றது?”

“உள்ளதைச் சொல்லு,” என்றார், சமிதிக்கு உள்ளே ஒருநாளும் உள்ளதைச் சொல்லாத டாக்டர்.

சுதர்மன் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏறும்போது நான் முகத்தைப் பார்ப்பேன். அவன் தலையை ஆட்டுவான். ப்ரசீதாவோ அவன் தொண்டையைப் பார்த்துப் பார்த்து உருகிக்கொண்டிருந்தாள். சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள். யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். குரல் திரும்பவேண்டும் என்று மண்ணாறசாலை நாகராஜா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். அந்த வயிற்றோடு, ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் தொண்டையில் எண்ணெய் தடவிவிட்டாளாம்.

“அவ விரல் பட்ட எடமெல்லாம் எரியுது சேட்டா,” என்றான். “எண்ணெய்னாலயா, வேற என்னத்தினாலயான்னு தெரியல. ‘என் சேட்டன் குரலை யாரோ கெடுத்துட்டாங்களே’ன்னு அழறா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருக்கேன். நாயா பொறந்திருக்கலாம்.”

“நாயாப் பொறந்தா குரைச்சாவது சொல்லியிருப்ப,” என்றேன். “நான் சொல்லட்டுமா?”

“வேண்டாம் சேட்டா. நானே சொல்றேன். நாளைக்கு.”

பெயருக்குத்தான் வாரம், மூன்று வாரம் இழுத்தார்கள்; நாளைக்கு, நாளைக்கு என்றே புன்னகை வாரத்தின் நிறைவு விழா வந்துவிட்டது. பஞ்சாயத்துக் கல்யாண மண்டபம். நாற்காலி நிரம்பவேண்டும் என்றால் எங்கள் ஊரில் அயல்கூட்டம் என்கிற மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குத்தான் ஆள் போகும். வராதவர்களுக்குக் கடன் தாமதமாகும் என்று ஒரு பேச்சும் கூடவே போகும். எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன்வரிசையில் ப்ரசீதா. சுதர்மன் மேடையில் தொகுப்பாளர். ஊசி போட்டதிலிருந்து குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது.

குறுப்பு ஸார் கொஞ்சம் குள்ளம். பேச்சுமேசைக்கு மேல் தலை தெரியவேண்டும் என்று ஆட்கள் ‘இதர பொருட்கள்’ பெட்டி இரண்டைக் கொண்டுவந்து காலுக்கடியில் போட்டார்கள். அவர் அதில் ஏறி நின்று பேசினார்.

“சகோதர சகோதரிகளே! இந்த வாரம் முழுக்க ஒரு மோசமான வார்த்தைகூட உச்சரிக்காமல் ஒரு மோசமான நோயை நாம் எதிர்த்திருக்கிறோம். இது எங்கும் நடக்காத சாதனை. (கைதட்டல்.) எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகிறது. எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட தகவல்கள் எதுவும் தேவைப்படவில்லை. என் மனைவி இதைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் பண்பாடு. உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. தம்பதிகள் நெருங்குவதற்கு முன்னால் நன்றாக, அழுத்தி, இரத்தம் வந்தாலும் பரவாயில்லை, பல் தேயுங்கள்! சுத்தமான வாயில் நோய் நிற்காது!”

பின்வரிசையில் டாக்டர் குருவிளா கண்ணை மூடிக்கொண்டார். வாழ்த்துரையில் அவர் பெயரைப் பதின்மூன்றாவதாகப் போட்டிருந்தார்கள். அவர் முறை வந்தபோது மைக்கைப் பிடித்தார், குறுப்பு ஸாரைப் பார்த்தார். “வாழ்த்துகிறேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

பிறகு முதல் பிரஷ் வழங்கும் சடங்கு. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்று யாரோ காதில் ஓத, குறுப்பு ஸார் முன்வரிசையைப் பார்த்துக் கைநீட்டினார். “அதோ, ஒரு கர்ப்பிணித் தாய். வா மோளே, மேலே வா.”

ப்ரசீதா கையை முதுகில் ஊன்றிக்கொண்டு படியேறி வந்தாள். குறுப்பு ஸார் மறுபடி பெட்டி மேல் ஏறி நின்று அவள் கையில் ரிப்பன் கட்டிய பிரஷ்ஷைக் கொடுத்தார். “மோளே, இது உன் வீட்டில் இருந்தால் போதும். உனக்கும் உன் குழந்தைக்கும் ஒரு நோயும் வராது. இது சமிதி தருகிற வாக்கு.”

அவள் கும்பிட்டு வாங்கினாள். வாங்கிவிட்டு, புருஷன் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அப்படி நம்பி ஒருத்தி சிரிக்கக்கூடாது.

நன்றியுரைக்காக மைக் சுதர்மன் கையில் இருந்தது. அவன் நன்றி சொல்லவில்லை.

“பிரஷ் வச்சுத் தேச்சா இது போகாது,” என்றான். “ஈறுல இரத்தம் வர்ற மாதிரி தேச்சா இன்னும் லேசா ஒட்டிக்கும். அதுக்கு முன்னாடி பல்லே தேய்க்காதீங்க, வாயைக் கொப்பளிச்சா போதும். வாய்ல புண்ணு இருந்தா கிட்டயே போகாதீங்க. நோய் வர்ற வழி தெக்குத் தோடு இல்ல. வாய்வழி உறவு. ஆம்பளை உறை போட்டுக்கணும். பொம்பளைக்கு அந்த உறையையே நீளவாக்குல வெட்டி விரிச்சு நடுவுல வச்சுக்கலாம். உறை எங்கன்னு கேக்காதீங்க, தலைவர் அது மேலதான் நிக்கிறாரு. தொண்டையில இருந்தா வெளிய தெரியாது. மூத்திரத்தைச் சோதிச்சா சிக்காது, தொண்டையைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. ஒருத்தருக்கு இருந்தா ரெண்டுபேரும் ஊசி போட்டுக்கணும். குறிப்பா... குறிப்பா கர்ப்பமா இருக்கிறவங்க...”

அங்கே அவன் குரல் உடைந்தது.

குறுப்பு ஸார் பெட்டியிலிருந்து குதித்திறங்கினார். “நிறுத்து! எந்த உத்தரவின் பேரில் இதெல்லாம் பேசுறே? உனக்கு யார் சொன்னது?”

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரும் சொல்லல ஸார்,” என்றான் சுதர்மன். “எனக்கே வந்திருக்கு. இந்தத் தொண்டையிலதான்.”

எவனோ ஒருத்தன் சிரித்தான். எல்லா முகமும் சுதர்மனைப் பார்த்தது, பிறகு ஒன்றாகத் திரும்பி ப்ரசீதாவைப் பார்த்தது. அவள் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி மேடை நடுவில் நின்றாள். பிறகு அதை மெதுவாகக் குறுப்பு ஸார் மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அத்தனை பேருக்கு நடுவில், அந்த வயிற்றோடு நடந்து வாசலுக்குப் போனாள். ஒரு பெண்ணும் எழுந்து கூடப் போகவில்லை. நானும் போகவில்லை. மைக் பெட்டிக்குப் பின்னால் வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் வெளியே போனபோது ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சுதர்மன் எட்ட நின்றிருந்தான், பக்கத்தில் வரத் தைரியமில்லை.

“ஜோப்பன் சேட்டா, மெடிக்கல் காலேஜுக்கு வண்டியை எடுங்க,” என்றாள். “அவரும் ஏறட்டும். பின்னால.”

சோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. ஊசி போட்டார்கள். பெரிய டாக்டரம்மா வந்து, “நேரத்தோட வந்தீங்க, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, திரும்ப ஒருதடவை வந்து சோதிச்சுக்கணும்,” என்றார். சுதர்மன் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ப்ரசீதா அழவில்லை.

சமிதியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கீகரிக்காத சொற்களைப் பயன்படுத்தியதற்காக சுதர்மனுக்கு ஆயுள்தடை. புன்னகை வாரம் மாபெரும் வெற்றி என்று மேலிடத்துக்குத் தகவல் போனது. விழாவுக்கு மறுநாளிலிருந்து டீக்கடையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, பழம்பொரி வாங்கிக்கொண்டு, டாக்டர் பக்கத்தில் போய்த் தற்செயலாக நின்றார்கள்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நான் ஜீப்பைக் கிளப்பப் போகும்போது ப்ரசீதா என் கையைத் தடுத்தாள். பின்னால், பெட்டிகளுக்கும் வயர்ச்சுருளுக்கும் நடுவில் குறுகி உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“மண்டபம் நெறைய ஆளோட ஆளா நானும் கேட்டேன்,” என்றாள். “நல்லாத்தான் சொன்னீங்க, எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். இப்ப பொண்டாட்டியா கேக்கறேன். கொல்லமோ, கொச்சியோ, எங்கயோ. எனக்குன்னு சொல்லுங்க, மொதல்லேருந்து.”

அவ்வளவு பெரிய குரல்காரன். வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

“சொல்லுங்க,” என்றாள். “நான் எங்கயும் போகல.”

நான் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிக்கொண்டேன்.